அண்ணா பூட்டிய கமராவை நான் கழற்றலாமா?

வாசகர் கேள்விக்குச் சட்டத்தரணியின் பதில்

(ஊர், வயது, உறவுமுறை போன்ற அடையாளம் காட்டும் விபரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

யாழ்ப்பாணத்தின் வலிகாமத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 47 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கம் கையால் எழுதி, அதைப் படம்பிடித்து அனுப்பியிருக்கிறார். திருமணம் செய்யவில்லை. அப்பா காலமாகிவிட்டார். 82 வயது அம்மாவுடன் அம்மாவின் சீதன வீட்டில் இருக்கிறார். அம்மாவுக்கு இரண்டு வருடமாக மறதி. போன மாரியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு பெரும்பாலும் கட்டில்தான். காற்றும் வெளிச்சமும் ஹோலில் என்பதால் கட்டிலை அங்கே போட்டிருக்கிறார்கள். மூத்த அண்ணா ரொறன்ரோவில். மாதாமாதம் காசு அனுப்புகிறவர் அவர்தான்.

விடுமுறைக்கு வந்து நின்றபோது அண்ணா நான்கு வைபை கமராக்களைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார். ஹோலில் ஒன்று, குசினி வாசலில் ஒன்று, படலைப் பக்கம் ஒன்று, பின்வளவில் கிணற்றடி தெரிய ஒன்று. "ஊரெல்லாம் களவும் வாள்வெட்டும், அம்மாவை நினைச்சா நித்திரை வருகுதில்லை" என்பது அவர் சொன்ன காரணம். பூட்டித் தந்த கடைப் பெடியன் தன்னுடைய போனில்தான் முதலில் எல்லாவற்றையும் செற் பண்ணினானாம். இப்போது அண்ணா, அண்ணி, அவர்களின் இரண்டு பிள்ளைகள், லண்டனில் இருக்கும் அக்கா, பாரிஸ் சித்தி என்று ஆறு போன்களில் அந்த வீடு தெரிகிறது.

காலை பத்து மணிக்குச் சுவரிலிருந்து குரல் வரும்: "இன்னும் கஞ்சி குடுக்கேல்லையோ?" அம்மா அந்தக் குரலைக் கேட்டதும், "தம்பி வந்திட்டான், படலையைத் திற பிள்ளை" என்று கட்டிலை விட்டு எழும்பப் பார்க்கிறாராம். ஒருவரும் வரவில்லை என்று தெரிந்ததும் அழுகிறாராம். அம்மாவைத் துடைத்துக் குளிப்பாட்ட வந்துபோன உதவிக்கார அக்கா, "ஆர் ஆரோ பாக்கினம், எனக்கு வேண்டாம்" என்று நின்றுவிட்டார். மகளோ பகலில் கிணற்றடிக்குப் போவதை விட்டு, இரவு பத்து மணிக்குப் பிறகு லைற்றை அணைத்துவிட்டுக் குளிக்கிறார். போன மாதம் மத்தியானம் கதிரையில் கண்ணயர்ந்த இருபது செக்கன் வீடியோ குடும்ப வட்ஸ்அப் குழுவில் வந்தது. "அம்மாவைப் பாக்கிற வடிவைப் பாருங்கோ" என்று யாரோ கீழே எழுத, அது ஊரிலுள்ள ஒன்றுவிட்ட மச்சாளின் கைக்கும் போய்விட்டது. பின்வீட்டுக்காரரும் வேலியடியில் வந்து, "உங்கட கமரா எங்கட கிணத்தடியையும் பாக்குது, குமர்ப்பிள்ளையள் இருக்கிற வீடு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

அவருடைய கேள்விகள்: கமராவைக் கழற்றலாமா? பொலிஸில் சொன்னால் கழற்றுவிப்பார்களா? காசு அனுப்புகிறவருக்கு அந்த உரிமை இருக்கிறதுதானே? ஒழுங்கைத் தம்பி ஒருவர் கடவுச்சொல்லை உடைத்துப் பழைய பதிவுகளை அழித்துத் தருவதாகச் சொல்கிறார், செய்யட்டுமா? கடைசி வரி இப்படி: "சில நேரம் நாலையும் பிடுங்கிக் கிணத்துக்குள்ள போடோணும் போல கிடக்கு."

அன்புள்ள சகோதரிக்கு,

கிணற்றுக்குள் போட்டுவிடாதீர்கள். உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் பொருள் அண்ணா வாங்கியது. அடுத்தவரின் பொருளுக்கு வேண்டுமென்று சேதம் செய்வது தண்டனைச் சட்டக்கோவையின் 408ஆம் பிரிவு சொல்லும் குற்றத்துக்குள் வந்துவிடும். இன்றைக்கு நியாயம் முழுவதும் உங்கள் பக்கம் நிற்கிறது. அதை ஒரு நிமிடக் கோபத்தில் கைவிட வேண்டாம். பிளக்கைக் கழற்றுவது, கமராவை வேறு பக்கம் திருப்புவது, கழற்றிப் பெட்டியில் போட்டுக் கவனமாக வைப்பது எல்லாம் வேறு கதை. அதற்கு வருகிறேன்.

இன்னொன்றையும் உடனே சொல்லவேண்டும், ஏனென்றால் இன்றிரவும் நீங்கள் கிணற்றடிக்குப் போவீர்கள். லைற்றை அணைத்துவிட்டால் கமராவுக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறீர்கள். தெரியும். இந்தக் கமராக்களில் கண்ணாடியைச் சுற்றிச் சின்னச் சின்ன அகச்சிவப்பு விளக்குகள் இருக்கின்றன. இருள் வந்ததும் தாமாக எரியும். எங்கள் கண்ணுக்கு அந்த வெளிச்சம் தெரியாது, சிலவற்றில் மங்கலான சிவப்புப் பொட்டுப் போலத் தெரியலாம். கமராவுக்கோ முற்றமே கறுப்பு வெள்ளைப் படமாகத் தெரியும். இதைப் படித்ததும் நெஞ்சு பதறும் என்று தெரிந்தும் எழுதுகிறேன். கடிதத்தை மூடிவைத்துவிட்டு முதலில் அந்தக் கமராவின் வயரைக் கழற்றுங்கள். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

நீங்கள் ஒரு வரியில் கடந்துபோன விஷயம்

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், வேறு எதையோ சொல்லவந்த இடத்தில், "அம்மாவுக்குப் பம்பேஸ் மாத்திறதும் அந்தக் கட்டிலிலதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன். கட்டில் ஹோலில். ஹோல் கமரா கட்டிலைப் பார்த்தபடி. அப்படியானால் 82 வயது மனுசி ஒருவரின் உடம்பு, நாளுக்கு நான்கைந்து தரம், மூன்று நாடுகளில் ஆறு போன்களில் தெரியக்கூடிய நிலையில் இருக்கிறது. அந்த ஆறு பேரில் இரண்டு பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

உங்கள் அம்மாவின் தலைமுறைப் பெண்களை நினைத்துப் பாருங்கள். கிடுகு வேலியை வருடந்தோறும் ஆள் உயரத்துக்கு மேலே அடைத்தார்கள். கிணற்றடிக்குத் தனியே மறைப்புக் கட்டினார்கள். குறுக்குக் கட்டோடு குளித்துவிட்டு ஈரச் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்கள். எங்கள் ஊர் வேலி காணிக்கு எல்லை காட்ட மட்டும் இருந்ததில்லை. அப்படி வாழ்ந்த ஒருவர் தெளிவாக இருந்த காலத்தில் இந்தக் கமராவுக்குச் சம்மதித்திருப்பாரா? அண்ணாவையும் இந்தக் கேள்வி அசைக்கும் என்று நம்புகிறேன். அவர் இதை வேண்டுமென்று செய்திருக்க மாட்டார், அவருக்குத் தோன்றியிருக்காது. அம்மாவின் கையைக் காலைப் பார்க்கவேண்டும் என்று நினைத்தாரே தவிர, அந்தக் கட்டிலில் வேறு என்ன நடக்கும் என்று நினைக்கவில்லை.

ஆகவே பேச்சைத் தொடங்கும்போது உங்கள் மனவருத்தத்தில் தொடங்காமல் அம்மாவில் தொடங்குங்கள். உங்கள் வருத்தம் சிறியது என்பதற்காகச் சொல்லவில்லை. "எனக்குக் கஷ்டமாய் இருக்கு" என்றால், "நீ ஒழுங்காய்ப் பாத்தால் ஏன் பயப்பிடுறாய்?" என்று ஒரு பதில் வரும், உங்களுக்கே தெரியும். அம்மாவின் மானத்துக்கு அப்படி ஒரு பதில் சொல்ல ஒருவராலும் முடியாது.

காசு அனுப்புகிறவருக்கு உரிமை இருக்கிறதா?

இல்லை. இதில் தயங்க இடமே இல்லை.

அது அம்மாவின் சீதன வீடு, உறுதி அம்மாவின் பேரில் என்று எழுதியிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத் தமிழருக்கான சொத்துச் சட்டமான தேசவழமையில் சீதனம் பெண்ணின் தனிச் சொத்து. அப்பா இல்லாத இந்த நேரத்தில் அந்தச் சுவரில் ஆணி அடிக்கலாமா என்று சொல்லும் உரிமை அம்மா ஒருவருக்குத்தான். கமரா அண்ணாவின் பொருளாக இருக்கலாம். சுவர் அவருடையதில்லை. மூத்த ஆண்பிள்ளை என்பதால் வயதான தாயின் மேல் தனி அதிகாரம் எதையும் எங்கள் சட்டம் கொடுக்கவில்லை. ஊர் வழக்கு கொடுக்கிறது, சட்டம் கொடுக்கவில்லை. காசு அனுப்புவதும் அப்படித்தான். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தங்களைத் தாங்களே பராமரிக்க முடியாத பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. கடமையைச் செய்வதால் வீட்டை மேற்பார்வை செய்யும் உரிமை வந்துவிடாது.

அம்மாவுக்கு மறதி என்றாலும் சில காலை நேரங்களில் தெளிவாகக் கதைப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி ஒரு காலையில், கட்டிலடியில் இருந்து, கமராவைக் கையால் காட்டி, அது என்ன செய்கிறது என்று எளிமையாகச் சொல்லிக் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் அது வீட்டுக்காரியின் வார்த்தை. கூடவே நம்பிக்கையான ஒருவர், கிராமத்து மருத்துவமாதோ உங்கள் பெரியம்மாவோ, இருந்தால் நல்லது. அம்மாவால் முடிவு எடுக்கவே முடியாத நிலை வந்தால் சொத்தை நிர்வகிக்க ஒருவரை நியமிக்கும்படி மாவட்ட நீதிமன்றத்தைக் கேட்க வழியுண்டு. ஒரு கமராவுக்காக அந்தக் கதவைத் தட்டச் சொல்லமாட்டேன், அது காணி, காசு, சகோதரச் சண்டை எல்லாவற்றையும் திறந்துவிடும். அந்த நியமனம் இல்லாதவரை நீங்களும் அண்ணாவும் ஒரே படியில்தான் நிற்கிறீர்கள். அம்மாவைத் தூக்கி இருத்துகிறவர் நீங்கள் என்பது என் கணக்கில் உங்களை அரைப்படி மேலே வைக்கிறது. ஆனால் அது சட்டத்தின் கணக்கில்லை, என்னுடையது.

பொலிஸும் நீதிமன்றமும் எவ்வளவு தூரம் வரும்?

"வீட்டுக்குள் கமரா வைப்பது சட்டவிரோதம், பொலிஸ் வந்து கழற்றும்" என்று யாரோ உங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் எங்கள் நாட்டில் இல்லை. வீட்டுக்காரர் தன் வீட்டில் கமரா வைக்கலாம்.

அரசியலமைப்பைக் கொண்டுபோய்க் கேட்கலாமா என்றால் அதுவும் இங்கே உதவாது. எங்கள் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அந்தரங்கத்துக்கான உரிமை என்று தனியாக ஒன்று எழுதப்படவில்லை. 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போவதும் அரசின் செயலுக்கு எதிராகத்தான். 2011இன் தொடக்கத்தில் குடாநாட்டில் வீடு வீடாகக் குடும்பங்களைப் படம் எடுத்து இராணுவம் பதிவு செய்தபோது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அந்த வழியால் போனது. பதிவை நிறுத்துவதாக அரச தரப்பு நீதிமன்றத்தில் சொல்லவேண்டி வந்தது. அன்றைக்கு வாசலில் நின்று படம் எடுத்தவர் யார் என்று தெரிந்தது, எதிர்த்து நிற்கவும் தெரிந்தது. இன்றைக்குப் பாசத்தோடு வாங்கி அனுப்பிய பொருளை எதிர்ப்பது எப்படி என்று எங்களுக்கு இன்னும் பழகவில்லை. உங்கள் கடிதத்தில் பக்கத்துக்குப் பக்கம் தெரியும் குற்ற உணர்வுக்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நீங்கள் நன்றிகெட்டவர் இல்லை.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதன் முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வருவது பிற்போடப்பட்டது ஒரு பக்கம். அதைவிட, தனிமனிதர் ஒருவர் முற்றிலும் சொந்த, வீட்டுத் தேவைக்காகச் செய்வதை அந்தச் சட்டம் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. ஹோல் கமராவை வைத்துக்கொண்டு அதனிடம் போனால் "இது குடும்ப விஷயம்" என்ற பதில்தான் வரும்.

அடுத்த வளவைப் பார்க்கும் கமராவும் வெறும் வீட்டுத் தேவைதானா என்பது வேறு கேள்வி. செக் குடியரசில் ஒருவர், யன்னலை உடைத்தவர்களைப் பிடிக்க, வீதியும் எதிர்வீட்டு வாசலும் தெரிய ஒரு கமரா வைத்தார். 2014 டிசெம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், தன் வேலிக்கு வெளியே பார்க்கும் கமரா முற்றிலும் வீட்டுத் தேவைக்கானதாகாது என்று தீர்த்தது. அந்தத் தீர்ப்பு எங்கள் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் எங்கள் சட்டம் ஐரோப்பியச் சட்டத்தைப் பெருமளவு பார்த்து எழுதப்பட்டது. நாளைக்கு ஒரு சட்டத்தரணி இதைத் தூக்கிக் காட்டுவார்.

இதில் உங்களுக்கே ஓர் ஆபத்து இருப்பதைக் கவனித்தீர்களா? பின்வீட்டுக்காரர் முறைப்பாடு செய்தால் பொலிஸார் ரொறன்ரோவுக்குப் போகமாட்டார்கள். வீட்டில் இருக்கிற உங்களைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் நாட்டின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டத்தின் கீழ் ஒருவரின் மானத்துக்கும் மதிப்புக்கும் வேண்டுமென்று ஊறு செய்தால் நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம், தடையுத்தரவும் கேட்கலாம். "சொன்ன பிறகும் எங்கட கிணத்தடியைப் பாக்க விட்டவை" என்று அவர்கள் சொன்னால் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள். பின்வளவுக் கமராவைக் கழற்றியதும் நீங்களே வேலியடிக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். குமர்ப்பிள்ளைகளின் தாய்க்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

அதே வழி உங்களுக்கும் திறந்துதான் இருக்கிறது, குறிப்பாகக் கிணற்றடிப் பதிவுகளை யாராவது பார்த்தார்கள் அல்லது பகிர்ந்தார்கள் என்றால். ஆனால் வெளிநாட்டிலுள்ள ஒருவருக்கு எதிராக அழைப்பாணை அனுப்பி வழக்கு நடத்துவது வருடக்கணக்கு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் சகோதரரையும் உள்ளடக்கும், மனரீதியான கொடுமையையும் உள்ளடக்கும். ஆனால் அது பாரதூரமாகவும் தொடர்ச்சியாகவும் இருக்கவேண்டும். நீங்கள் எழுதியவற்றை வைத்துப் பார்க்கையில் நீதவான் முன் அதை நிறுவுவது கடினம் என்பதே என் கருத்து. அண்ணா அந்தச் சட்டம் நினைத்த ஆளும் இல்லை.

கதிரையில் கண்ணயர்ந்த வீடியோவைப் பற்றி. உங்களைக் கேவலப்படுத்தும் நோக்கில் பரப்பப்பட்டது என்று காட்ட முடிந்தால், ஒருவரின் அந்தரங்க விபரங்களைப் போட்டுத் தொந்தரவு செய்வதைக் குற்றமாக்கும் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் இருக்கிறது. குடும்பக் குழுவில் வந்த ஒரு வீடியோவுக்காக அதைத் தூக்க வேண்டாம். குழுவில் வந்த திகதியோடும் கீழே எழுதிய வசனத்தோடும் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். கிணற்றடியிலோ கட்டிலிலோ எடுத்த ஒரு படம் எங்காவது வெளியே வந்தால் அப்போது ஒரு மணித்தியாலமும் தாமதிக்காதீர்கள். பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவுக்குப் போங்கள், அல்லது 1938 என்ற பெண்களுக்கான உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

ஒழுங்கைத் தம்பியின் உதவி வேண்டவே வேண்டாம். கமரா உங்கள் வீட்டில் இருந்தாலும் கணக்கு அண்ணாவுடையது. அனுமதியில்லாமல் அதற்குள் நுழைவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டப்படி ஐந்து வருடம் வரை சிறைக்குப் போகக்கூடிய குற்றம். உங்களுக்கு நல்லது செய்ய நினைத்த பெடியனும் மாட்டுப்படுவான். அழித்தால் அழிந்துவிடும் என்பதும் நிச்சயமில்லை. ஒரு பிரதி கமராவின் மெமரி காட்டில், இன்னொன்று நிறுவனத்தின் சேர்வரில், இன்னொன்று யாரோ ஒருவரின் போனில் இருக்கலாம்.

கமராவுக்குள் யார் யார்?

அண்ணாவையும் உறவுகளையும் மட்டும் நினைத்து எழுதியிருக்கிறீர்கள். என்னைக் கூடுதலாகப் பயப்படுத்துவது கடைப் பெடியன் தன் போனில் செற் பண்ணினான் என்ற செய்தி. அவன் நல்ல பெடியனாகவே இருக்கலாம். ஆனால் கணக்கு அவனுடைய மின்னஞ்சலில் திறக்கப்பட்டிருந்தால் அந்த வீட்டின் முதல் திறப்பு இன்றைக்கும் அவன் சட்டைப் பையில்தான். அண்ணாவுக்குக் கிடைத்திருப்பது அவன் பகிர்ந்த பிரதி. எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் பூட்டுகிறார்கள், ஒருவரும் கேட்பதில்லை.

இது வீண் பயமில்லை. அமெரிக்காவில் ரிங் கமரா நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் பெண்களின் படுக்கையறை, குளியலறைக் கமராக்களில் ஆயிரக்கணக்கான பதிவுகளைப் பார்த்ததாக அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. 2023இல் அந்த வழக்கை முடிக்க நிறுவனம் 58 இலட்சம் டொலர் கட்டச் சம்மதித்தது. தென்கொரியாவில் ஏறத்தாழ 120,000 வீட்டு, கடைக் கமராக்களுக்குள் நுழைந்ததாக நால்வரைப் பிடித்திருப்பதாக 2025 நவம்பரில் பொலிஸ் அறிவித்தது. பெரும்பாலும் இலேசான கடவுச்சொற்களால் வந்த வினை.

படலைக் கமராவை விட்டுவைப்பதாக முடிவெடுத்தால் (நான் விட்டுவைக்கலாம் என்றே நினைக்கிறேன், அண்ணாவின் களவுப் பயமும் பொய்யில்லை) அண்ணாவிடம் இவற்றைக் கேளுங்கள். கணக்கு அவருடைய சொந்த மின்னஞ்சலில் புதிதாகத் திறக்கப்படவேண்டும். கமராவை ரீசெற் செய்து அந்தப் புதுக் கணக்கில் சேர்க்கவேண்டும். நீளமான கடவுச்சொல்லும், புதிதாக ஒருவர் நுழைந்தால் போனுக்குக் குறியீடு வரும் இரட்டைச் சரிபார்ப்பும் வேண்டும். ஆறு பேர் பட்டியல் இரண்டாகக் குறையவேண்டும். அந்த இரண்டில் ஒன்று நீங்கள். வீட்டில் இருக்கிறவருக்கே தன் வீடு எப்படித் தெரிகிறது என்று பார்க்க முடியாமல் இருப்பது எனக்கு விளங்கவேயில்லை.

துணியால் மூடிவைக்கிறேன் என்று எழுதியிருந்தீர்கள். துணி படத்தை மறைக்கும், மைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அம்மாவின் புலம்பலும் நீங்கள் தனியே அழுததும் போயிருக்கும். 2021இல் இங்கிலாந்தின் ஒக்ஸ்போர்ட் நீதிமன்றத்தில் அயலவர்களுக்கிடையே நடந்த ஒரு கமரா வழக்கில், படம் பிடித்ததைவிடக் குரலைப் பிடித்தது கூடப் பாதகமானது என்று நீதிபதி சொன்னார். செயலியில் மைக்கை அணைக்கும் இடம் இருக்கிறது. ரவுட்டரை அணைத்தாலும் மெமரி காட் இருந்தால் பதிவு ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் மனதில் வையுங்கள். வயரைக் கழற்றுவதுதான் உறுதி.

அண்ணாவுடன் கதைப்பது

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் என் கண்ணில் பட்டது. குரல் வருவது காலை பத்து மணிக்கு. அந்த நேரம் ரொறன்ரோவில் நள்ளிரவு. பகல் முழுக்க வேலை செய்துவிட்டு வந்த மனுசன் நள்ளிரவில் கண்விழித்து அம்மாவின் கஞ்சிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருடைய தொனி பிழை, செய்த வேலை பிழை. ஆனால் கட்டிலடியில் இருக்க முடியாத ஒருவர் அதற்குப் பதிலாக எதையோ பிடித்துக்கொண்டிருக்கிறார். அதைப் பறித்தால் சண்டை பிடிப்பார். வேறொன்றைக் கொடுத்தால் விடுவார் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு நாளும் பின்னேரம் 5.30க்கு நீங்களே வீடியோ அழைப்பு எடுங்கள். அங்கே பருவத்தைப் பொறுத்துக் காலை 7 அல்லது 8 ஆக இருக்கும். போனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடியுங்கள். சுவரிலிருந்து வரும் குரல் மறதியுள்ள அம்மாவைப் படலைக்கு ஓடவைக்கிறது. போனில் முகத்தோடு வரும் குரலை "தம்பி" என்று அவரால் தடவிப் பார்க்க முடியும். முறிந்த எலும்போடு கட்டிலிலிருந்து எழும்ப முயல்வது எவ்வளவு ஆபத்து என்பதை அண்ணாவுக்குச் சொல்லுங்கள். கமரா அம்மாவைப் பாதுகாக்கிறது என்று நினைக்கிறவருக்கு, அந்தக் குரலே அம்மாவை விழுத்தக்கூடும் என்பது தெரிந்தாகவேண்டும்.

வாயால் சொன்னால் வாக்குவாதமாகும் என்று பயந்தால் எழுதி அனுப்புங்கள். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"அண்ணா, அம்மாவுக்கு உடுப்பும் பம்பேஸும் மாத்திறது ஹோல் கட்டிலிலதான். அது ஆறு பேற்ற போனில தெரியுது. அம்மா தெளிவாய் இருந்தால் இதுக்கு ஓம் எண்டிருக்கமாட்டா. பின்வளவுக் கமரா நான் குளிக்கிறதையும் பின்வீட்டுப் பிள்ளையளையும் பாக்குது, அவை வந்து சொல்லிப்போட்டினம். அதால ஹோல், குசினி, பின்வளவு மூண்டையும் கழட்டிப் பெட்டியில கவனமாய் வைச்சிருக்கிறன், ஒண்டும் உடைக்கேல்லை. படலைக் கமரா இருக்கட்டும். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அம்மாவோட உங்களைக் கதைக்கவைக்கிறன். மருந்து, சாப்பாடு ஒரு கொப்பியில எழுதி இரவில படம் அனுப்புறன். முந்தி எடுத்த வீடியோக்களை எல்லாரும் அழிக்கவேணும், அதை நீங்கள்தான் சொல்லவேணும்."

கொப்பி விஷயத்தைக் கண்காணிப்பு என்று நினைக்காதீர்கள். மறதியுள்ள ஒருவரைப் பராமரிக்கும்போது மருத்துவரும் அதைத்தான் கேட்பார்.

அண்ணா காசை நிறுத்திவிடுவாரோ, வீட்டை எனக்கு எழுதித் தருவம் என்று சொன்னது மாறிவிடுமோ என்று பயந்திருக்கிறீர்கள். பொய்யான ஆறுதல் சொல்லமாட்டேன், அது நடக்கலாம். பெற்றோர் பராமரிப்புக் கேட்டு முறையிடச் சட்டத்தில் வழியுண்டு, கனடாவில் இருப்பவரிடம் அதை அறவிடுவது கடினம். ஆனால் வீட்டை எழுதிக் கொடுப்பது அண்ணாவின் கையில் இல்லை. அது அம்மாவின் உறுதி, அம்மா தெளிவாக இருந்து நொத்தாரிசின் முன் ஒப்பமிடவேண்டியது. அதைப் பற்றித் தனியாக ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள். கமராப் பேச்சோடு சேர்க்காதீர்கள், சேர்த்தால் "காணிக்காகத்தான் கமராவைக் கழட்டினவள்" என்று ஆகிவிடும். கட்டணம் கொடுக்க வசதி இல்லையென்றால் யாழ்ப்பாணத்திலுள்ள சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் கேட்கலாம். பின்வீட்டாரோடு ஏதும் முறுகல் வந்தால் மத்தியஸ்த சபை இருக்கிறது, அங்கே சட்டத்தரணியே தேவையில்லை.

உதவிக்கார அக்காவின் வீட்டுக்கு நீங்களே ஒருமுறை போய்வாருங்கள். போனில் சொன்னால் நம்பமாட்டார். வந்து ஹோல் சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். கமரா இருந்த இடத்தில் ஆணித் துளை மட்டும்தான் இருக்கிறது என்று அவர் கண்ணால் கண்டால், அடுத்த நாள் அம்மாவைக் குளிப்பாட்ட வருவார்.